வெங்காய வடகம் நாறிய கோடை

போன வாரம் பூந்தமல்லியிலிருந்து திருமழிசைப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். தொழிற்பேட்டைக்கு முன்னால் நெரிசலில் வண்டி நின்றது. எந்தக் கம்பெனியோ தெரியவில்லை, மசாலாவோ ஊறுகாயோ செய்கிற இடம். அங்கிருந்து ஒரு வாசனை கிளம்பி டிக்கெட் வாங்காமல் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டது. வெங்காயமும் பூண்டும் புளித்து வெயிலில் வதங்குகிற வாசனை. முன் சீட்டில் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. ஜன்னல் கம்பி வரைக்கும் மூக்கை நீட்டி இழுத்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

நம் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார், மீதிப் பேருக்கு ஊறுகாயை மறக்கச் சொல்லியிருப்பார். வீட்டிலோ சின்னதுகள் கொரியாக்காரர்களின் புளித்த முட்டைக்கோஸை பாட்டிலில் வாங்கி வந்து, குடலுக்கு நல்லது என்று நமக்கே பாடம் எடுக்கின்றன. எடுக்கட்டும். ஒரு பிளாக் முழுவதையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடவைத்த ஒரு சரக்கு, அதே பிளாக்கை ஒரே மதியத்தில் சோற்றுத் தட்டோடு உட்காரவைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அது நடந்த வருஷம்தான் நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தோம். அதற்கு முன்னால் பாரிவாக்கத்தில் வாடகை வீடு. சுற்றிலும் வெறும் நிலம், பக்கத்தில் வீடே கிடையாது. அம்மா எதைக் காயவைத்தாலும் கேட்க ஆளில்லை. குவார்ட்டர்ஸ் அப்படி இல்லை. ஒரே மாடிப்படி, அதன் இரண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊர். அப்பாக்கள் எல்லோருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே சங்கு. அம்மாக்களின் அடுப்புதான் ஊர் ஊராகப் பிரிந்து கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு படி ஏறினாலும் எந்த மாடியில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். தரைத்தளத்தில் தேங்காய் எண்ணெய் காய்ந்தால் அது நாகர்கோவில் வீடு. அதற்கு மேலே சீரகமும் மிளகும் இடிபட்டால் மதுரை வீடு. எங்கள் தஞ்சாவூர் வீடு மூன்றாவது மாடியில், கடைசி. எதிர் வீட்டில் கோயம்புத்தூர் அக்கா.

அந்த எதிர் வீட்டிலிருந்து மட்டும் எந்த வாசனையும் வராது. காரணம், அக்காவுக்கு மசக்கை. சாதாரண மசக்கை இல்லை. தண்ணீர் குடித்தால்கூடத் திரும்பி வந்துவிடும். ஏற்கெனவே ஒரு தடவை உண்டாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, வெறுங்கையோடு திரும்பி வந்தவள். இந்தத் தடவை எடை இன்னும் இறங்கினால் அட்மிட் பண்ணிவிடுவேன் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அட்மிட் என்ற வார்த்தையைக் கேட்டாலே அக்காவுக்கு முகம் வெளுத்துவிடும். ஆகவே அந்தக் கோடையில் எங்கள் பிளாக்குக்கே ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அக்கா ஒரு வாய் சாப்பிட வேண்டும், சாப்பிட்டது உள்ளே தங்க வேண்டும்.

அவளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். உயரமான அம்மா, பேச்சு பன்னீர் தெளித்த மாதிரி இருக்கும், பிடிவாதம் மட்டும் கருங்கல். காரம் சூடு, புளி சூடு, தாளித்தால் சூடு, சூடு வயிற்றுக்கு ஆகாது என்று அவருக்கு ஒரு கணக்கு. பால் கஞ்சி, ரவைக் கஞ்சி, குழைந்த சோற்றில் மோர், அதிலும் உப்பு ஒரு சிட்டிகை. நாகர்கோவில் அத்தை நார்த்தங்காய் கொண்டுபோய்க் கொடுத்தார். மதுரை அத்தை மிளகு ரசம் வைத்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் அந்த அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அக்கா கஞ்சியைக் குடித்தாள், ஓடினாள், வாந்தி எடுத்தாள், மறுபடியும் கஞ்சியைக் குடித்தாள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் அம்மா வடகம் போட ஆரம்பித்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது அரிசி வடகம் இல்லை, தாளிக்கிற வடகம். அப்பா பூந்தமல்லி பாய் கடையிலிருந்து சின்ன வெங்காயத்தை மூட்டையாக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். தோல் உரிக்க நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். அழுவதற்குக் காரணமே வேண்டாம், அவ்வளவு சௌகரியம். உரித்ததை அம்மா உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடித்தாள். பூண்டு, ஊறவைத்த கறுப்பு உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள், உப்பு எல்லாம் அதோடு சேரும். அத்தனையையும் ஒரு பெரிய பச்சை எனாமல் பேசினில் பிசைந்து மூடிவைத்துவிடுவாள். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் ஒரு மூச்சு வரும் பாருங்கள். அடேயப்பா. விடிய விடிய உள்ளே யாரோ பொங்கல் கொண்டாடிய மாதிரி நுரை கட்டியிருக்கும்.

காலையில் அதை உருண்டை பிடித்து மூங்கில் தட்டில் வெயிலில் வைப்பாள். சாயங்காலம் அந்த உருண்டைகளை உடைத்து, பேசினில் நிற்கிற சாற்றிலேயே மறுபடியும் பிசைந்து மூடுவாள். மறுநாள் திரும்ப உருண்டை. இப்படியே சாறெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை நடக்கும். கடைசியில் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, கல் மாதிரி காயவைத்து ஜாடியில் போட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. வாசனை ஏறுகிற நாட்கள் இரண்டாவதும் மூன்றாவதும். ஏறுகிறது என்று நாங்கள் சொல்வோம். மற்றவர்கள் நாறுகிறது என்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது சாப்பாட்டு வாசனை, அதனால் அந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து அம்மா தட்டுகளை வைத்தாள். மேலே அப்பாவின் பழைய வேட்டியை மூடினாள். இரண்டே நாளில் பிளாக்கில் பேச்சு கிளம்பிவிட்டது. என்னமோ செத்துக் கிடக்கிறது. எலியாக இருக்கும். பெருச்சாளியாக இருக்கும். எங்கே என்று ஆளாளுக்கு மூலை மூலையாகத் தேடினார்கள். எங்கள் அம்மாவும் அவர்களோடு சேர்ந்து மாடிப்படிக்குக் கீழே குனிந்து எலி தேடினாள் என்பதை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நிஜமாகவே தேடினாள்.

இதற்கிடையில் அம்மாவுக்குத் தனியாக ஒரு கவலை. உருண்டைகள் குறைந்துகொண்டே வந்தன. காக்காய் என்றாள், பிறகு மதுரை வீட்டுப் பையன்கள் என்றாள், பிறகு என்னையே சந்தேகமாகப் பார்த்து, வாயைத் திற, ஊது என்றாள். என் வாயில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, லீவுதானே, போய்க் காவல் இரு என்று குடையும் ஒரு குச்சியும் கொடுத்து மேலே அனுப்பினாள். எனக்கு ஏக சந்தோஷம். கையில் குச்சியோடு மொட்டை மாடியின் ஏகபோக ராணியாக உட்கார்ந்திருந்தேன்.

மதியச் சங்கு ஊதி கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் கொலுசுச் சத்தம் கேட்டது. நான் தொட்டியின் இந்தப் பக்கம் குடைக்குள் இருந்தேன். அந்தப் பக்கம் வேட்டி விலகியது. எட்டிப் பார்த்தால் எதிர் வீட்டு அக்கா. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஈர உருண்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தாள். சாறு மணிக்கட்டு வழியாக வளையலுக்கு ஓடியது. அதையும் நக்கினாள். அப்படி ஒருத்தர் ரசித்துச் சாப்பிட்டு நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, எங்கத்தைகிட்டச் சொல்லீராத கண்ணு. வாசம் படி எறங்கி வந்து என்னயக் கூப்புடுது, நான் என்ன பண்ணட்டும்?"

நான் தலையை ஆட்டினேன். அவளை வாந்தி எடுக்காமல் அத்தனை நேரம் நான் பார்த்ததே இல்லை. வெயில் சுடச்சுட என்னோடு உட்கார்ந்து, அவள் ஊர்க் கதை, அவள் படித்த பள்ளிக்கூடம், கட்டிக்கொண்டபோது அவள் வீட்டுக்காரர் மோதிரத்தைத் தொலைத்தது எல்லாம் சொன்னாள். ஒரு தடவைகூட வாயைப் பொத்திக்கொண்டு ஓடவில்லை. மறுநாளிலிருந்து நல்ல பெரிய உருண்டையாகப் பார்த்துத் தட்டின் ஓரத்தில் நானே எடுத்து வைத்தேன். அம்மாவிடம் காக்காய் தொல்லை தாங்கவில்லை என்று சொன்னேன். காவல்காரி திருட்டுக்கு உடந்தையாக இருப்பதில் உள்ள குஷியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாற்றம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிளாக் செக்ரட்டரி மாமா ஒரு முடிவுக்கு வந்தார். அவர் தொழிற்சாலையில் அப்பாவுக்கு ஃபோர்மேன், வீட்டிலும் ஃபோர்மேன் மாதிரிதான் நடப்பார். எலி தண்ணீர்த் தொட்டிக்குள் செத்திருக்கிறது, நாம் எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், எதிர் வீட்டுப் பெண்ணுக்கு வாந்தி நிற்காததற்கும் அதுதான் காரணம் என்று படிக்கட்டில் நின்று சொன்னார். கேட்டவர்கள் ஆளாளுக்குக் காறித் துப்பினார்கள். தண்ணீர் விடுகிற அண்ணனைக் கூட்டிவந்து தொட்டியைத் திறந்துவிட்டார்கள். சித்திரை வெயிலில், அடுத்த நாள் காலைவரை சொட்டுத் தண்ணீர் வராது என்று தெரிந்தும், ஒரு பிளாக்குக்கான தண்ணீர் முழுவதும் மழைநீர்க் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போனது. நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் கீழே நின்று அதில் குதித்துக் குளித்தோம். தண்ணீர் நின்றதும் ஈரத்தோடு மேலே ஓடினோம்.

அண்ணன் தொட்டிக்குள் இறங்கி, தேடி, வெறும் கையோடு ஏறி வந்தார்.

"தொட்டி சுத்தமா கீது சார். எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாத்தம் அந்தாண்டேந்து வருது பாரு."

வேட்டியை விலக்கினார். எல்லோரும் குனிந்து பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். அம்மா முன்னால் வந்து, அது எங்க வடகம்தான், எலி இல்லையே என்று அப்பாவியாகச் சொன்னாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விஷயம் புரிந்துவிட்டது. அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

செக்ரட்டரி மாமா கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பொறுமையாக, ஒரு கர்ப்பிணிப் பெண் இருக்கிற பிளாக்கில் இப்படிக் கெட்டுப்போனதை வைக்கலாமா, இன்றைக்கே கொட்டிவிடுங்கள் என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொட்டிக் குழாயைப் பார்த்துக்கொண்டு, கொட்டிடு என்று தொண்டைக்குள் சொன்னார். அக்காவின் மாமியார் முன்னால் வந்து அம்மாவின் தோளைத் தொட்டார்.

"உங்களக் குத்தஞ் சொல்லுலீங்க. எம்மருமவளுக்கு ஒருவாய் சோறு எறங்கி எத்தனையோ நாளாச்சு. இந்த நாத்தத்துல அவளுக்கு என்னதான் எறங்குமுங்க?"

சொல்லிவிட்டு அவரே குனிந்து பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டார். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவளின் முகம் ஒரு பக்கம், தட்டு படிக்கட்டை நோக்கிப் போவது ஒரு பக்கம். நான் வாயைத் திறக்கப்போன அதே நேரம் படிக்கட்டு வாசலில் அக்கா நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மாமியார் முன்னால் நிமிர்ந்து பேசாதவள் அவள்.

"அத்தை, அதையக் கொட்டீராதீங்க. எனக்கு உள்ள தங்கறது அது ஒண்ணுதானுங்க."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அம்மாதான் முதலில் பிடித்துக்கொண்டாள். பச்சையாவா தின்ன என்று கேட்டாள். அக்கா தலையைக் குனிந்தாள். அம்மா சட்டென்று தட்டில் கையை வைத்து ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்து, நல்லவேளை, இன்னும் விளக்கெண்ணெய் விடவில்லை என்று பெருமூச்சு விட்டாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு. அத்தனை பேருக்கு முன்னால், அவமானமெல்லாம் எங்கேயோ பறந்துபோய், அடி திருட்டுப் பெண்ணே என்று அக்காவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

மாமியார் தட்டோடு அப்படியே மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டார். தொட்டித் தண்ணீர் சிந்தி ஈரமாக இருந்த தரை. "அப்ப இத்தன நாளும் உன்னய நாந்தான் பட்டினி போட்டனா?" என்று கேட்டார். அக்கா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து இல்லை இல்லை என்றாள்.

அந்த அம்மாவை அன்றைக்கு நான் ராட்சசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவருடைய வயதைத் தாண்டி வந்த பிறகுதான் தெரிகிறது, அந்தக் கஞ்சி முழுக்கப் பயம். முதல் தடவை போனதற்குத் தான் போட்ட காரமோ புளியோதான் காரணம் என்று அவர் தனக்குள் முடிவு கட்டியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துக் கடைசியில் சாப்பாட்டில் ருசியே இல்லாமல் செய்துவிட்டார். நாக்குக்குப் பிடித்தால்தான் வயிறு வாங்கிக்கொள்ளும் என்று அவருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? பயத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. அக்கா அந்த மழைக்காலத்தில் நல்லபடியாக ஒரு பெண்ணைப் பெற்றாள், அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தவரே அந்த அம்மாதான். ஆனால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்ப்பது அந்த மதியத்தை நினைத்தால்தான்.

பச்சையாகத் தின்னக் கூடாது, நான் குழம்பு வைக்கிறேன் என்று அம்மா கிளம்பினாள். அடுப்பங்கரைக்குள் போய் அண்டாவைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டியைத்தான் காலி பண்ணியாயிற்றே. செய்தி படியிறங்கிப் போனது. நாகர்கோவில் அத்தை ஒரு சொம்பு, மதுரை அத்தை அரைக் குடம். அக்காவுக்குக் குடிக்க என்று காய்ச்சி ஆறவைத்திருந்த தவலையை மாமியார் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, புளியை இதிலேயே கரையுங்க என்று இறக்கினார். செக்ரட்டரி மாமா வீட்டிலிருந்தும் ஒரு வாளி வந்தது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

நல்லெண்ணெய் காய்ந்தது. அம்மா வடக உருண்டையை உதிர்த்து உள்ளே போட்டாள். ஈரம் இன்னும் இருந்ததால் சடசடவென்று வெடித்து எங்களை எல்லாம் பின்னால் ஓடவைத்தது. அப்புறம் அடங்கியது. அடங்கிச் சிவந்தது. அந்த நேரத்தில்தான் அது நடந்தது. இத்தனை நாள் எலி செத்த நாற்றம் என்று பிளாக்கே திட்டிய அதே வாசனை எங்கள் மூக்குக்கு முன்னாலேயே வேறாக மாறியது. வெங்காயத்தின் இனிப்பு முன்னால் வந்தது, புளிப்பு அதற்குப் பின்னால் நின்றது, வெந்தயம் லேசாகக் கசந்தது, கடுகும் பூண்டும் கருகாமல் சிவந்து ஒன்றாகச் சேர்ந்தன. சுண்டைக்காய் வற்றலைப் போட்டு அம்மா புளித் தண்ணீரை ஊற்றியதும் ஆவி எழும்பி, படி இறங்கி, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டியது. மதுரை அத்தை தனக்கு இதில் கொஞ்சம் எடுத்துவைக்கும்படி என் காதில் சொன்னார். தண்ணீர் விடுகிற அண்ணன் வேலை முடிந்தும் போகாமல் வாசலிலேயே நின்றார்.

அக்காவை அடுப்பங்கரையிலேயே மணையில் உட்காரவைத்தார்கள். சுடுசோறு, நல்லெண்ணெய், மேலே குழம்பு. மாமியார் எதிரே உட்கார்ந்து, வாந்தி வந்தால் பிடிக்க ஓர் அலுமினியக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். அக்கா முதல் வாய் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். கையை நெஞ்சில் வைத்தாள். கிண்ணம் அவள் தாடை வரைக்கும் போய்விட்டது. அடுப்பங்கரை முழுக்கப் பெண்கள், வாசலில் ஆண்கள், ஒருத்தர்கூட அசையவில்லை. அக்கா இரண்டாவது வாய் எடுத்தாள். அப்புறம் மூன்றாவது. அப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை, தட்டை மட்டும்தான் பார்த்தாள். விரல் இடுக்கில் வழிந்ததைக்கூட விடவில்லை. தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அத்தை, அந்தக் கிண்ணத்தக் கீழ வெய்யுங்க. இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."

அந்த அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல், சுடச்சுட இருந்த சோற்றைக் கையாலேயே அள்ளிப் போட்டார்.